ரத்தமா, ஊசியா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கும் தங்கை 38 வயதில் கர்ப்பமானபோது வீட்டில் ஒரே பேச்சு: கருவில் மரபணுக் குறை உண்டா என்று பார்க்கக் கையில் ரத்தம் எடுத்தால் போதுமா, வயிற்றில் ஊசி போட வேண்டுமா?

ரத்தப் பரிசோதனையான என்ஐபிடியை 10-வது வாரத்திலேயே செய்யலாம். குழந்தைக்கு ஆபத்தில்லை. டவுன் சிண்ட்ரோம் (21-வது குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருக்கும் நிலை) இருந்தால் 100-க்கு 99 முறை கண்டுபிடித்துவிடும். ஆனால் அது பார்ப்பது தாயின் ரத்தத்தில் நஞ்சுக்கொடி உதிர்த்த டிஎன்ஏவை. நஞ்சுக்கொடியில் உள்ள குறை குழந்தையிடம் இல்லாமலே போகலாம். இளம் தாய்மார் 10,000 பேரில் டவுன் குழந்தைகள் சுமார் 10 என்று வையுங்கள். ஆயிரத்தில் ஒன்று தவறாகக் காட்டினாலே இன்னும் 10 பேர் வீணாகக் கலங்குவார்கள். 'ஆபத்து அதிகம்' என்று வந்த காகிதத்தை மட்டும் நம்பிக் கருவைக் கலைக்கவே கூடாது.

ஊசியில் இரண்டு வகை. நஞ்சுக்கொடித் திசுவை 11 முதல் 14 வாரத்துக்குள் எடுப்பார்கள். பனிக்குட நீரை 15 வாரத்துக்குப் பிறகுதான். இரண்டிலும் கரு கலையும் ஆபத்து சிறிதளவு உண்டு. 200-க்கு ஒன்று என்பது பழைய கணக்கு, இப்போது அதைவிடக் குறைவு என்கிறார்கள். தென்னாப்பிரிக்காவின் 1996 கருக்கலைப்புச் சட்டப்படி 12 வாரம் வரை தாய் கேட்டாலே போதும், 20 வரை சட்டம் சொல்லும் காரணம் ஒன்றை மருத்துவர் ஏற்க வேண்டும், அதன் பிறகு மிகக் கடினம். அந்த நாள்கணக்கில் திசுச் சோதனைதான் முந்துகிறது.

அப்படியும் நான் பனிக்குட நீர் பக்கம்தான். குழந்தையின் வளர்ச்சியைப் பாதிக்கும் ஏஞ்சல்மேன், பிராடர்-வில்லி என்ற அரிய மரபணு நோய்கள் சிலருக்கு குரோமோசோமில் துண்டு எதுவும் குறையாமலே வரும். 15-வது குரோமோசோமில் தாய், தந்தை வழிப் பிரதிகளை அடையாளம் காட்டும் மெத்தில் குறிகள்தான் (டிஎன்ஏ மேல் ஒட்டியிருந்து மரபணு இயங்குவதைக் கட்டுப்படுத்தும் வேதிக் குறிகள்) மாறியிருக்கும். வழக்கமான என்ஐபிடி இதைப் பார்ப்பதில்லை. நஞ்சுக்கொடியின் மெத்தில் குறிகளே வேறு மாதிரி என்பதால் திசுவும் இங்கே முழு நம்பிக்கை தராது. பனிக்குட நீரில் மிதப்பவை குழந்தையின் செல்கள்.

தங்கையின் மாமியார் ஒருநாள் கண்கலங்கக் கேட்டார்: "நான் மாசமா இருந்தப்போ பட்டினி கிடந்தேன், அது பேரப்பிள்ளையைத் தொடுமா?" 1944-45 பஞ்சத்தில் நெதர்லாந்தில் கருவானவர்களிடம், 60 வருடம் கழித்தும் வளர்ச்சிக்கு உதவும் ஐஜிஎஃப்2 மரபணுவில் மெத்தில் குறைந்திருந்தது உண்மை. ஆனால் அது பலரின் சராசரி. ஒரு வயிற்றுப் பிள்ளையைக் காட்டி இது பட்டினியால் என்று சொல்லும் சோதனை எதுவும் கிடையாது. அந்தப் பழியை அவர் சுமக்கவே வேண்டாம் என்றேன்.

தங்கை என்ஐபிடி செய்தாள். ஆபத்து குறைவு என்று வந்தது, அப்புறம் ஸ்கேனிலும் ஒன்றும் இல்லை. ஊசி தேவைப்படவில்லை.