மாத்திரையா, கத்தியா, பயிற்சியா: தீராத வலிக்கு எது மலிவு?

மூன்று மாதம் தாண்டியும் விடாத வலியை 'நாள்பட்ட வலி' என்கிறது மருத்துவம். அந்தக் கட்டத்துக்கு வந்தவர் முன்னால் பெரும்பாலும் மூன்று வழிகள் இருக்கும்: மாத்திரை, கத்தி, பயிற்சி. எது வலியைக் குறைக்கும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஒரு வருடம் கழித்துக் கூட்டிப் பார்த்தால் எது எவ்வளவு தின்றிருக்கும் என்று கேட்பவர்கள் குறைவு. நான் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன்.

வாங்கும்போது மாத்திரைதான் மலிவு. லீவு போட வேண்டாம், யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். ஆனால் முதுகுவலிக்குப் பாரசிட்டமால் பெரிதாக உதவுவதில்லை. இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்றவை வலி கூடும் நாட்களில் சிலருக்குக் கை கொடுக்கும். மாதக்கணக்கில் விழுங்கினால் வயிற்றுப்புண், ரத்த அழுத்தம், சிறுநீரகப் பாதிப்பு என்று வேறு கணக்கு திறக்கும். வயிற்றைக் காக்க இன்னொரு மாத்திரை, சிறுநீரகத்தைப் பார்க்க ஒரு ரத்தப் பரிசோதனை. முதல் மாத்திரையின் விலையில் இதெல்லாம் சேராது.

அப்படியானால் மார்ஃபின் போன்ற வீரியமான ஓபியாய்டு மருந்து? 2018இல் அமெரிக்காவில் வெளியான ஸ்பேஸ் ஆய்வில், நாள்பட்ட முதுகுவலி அல்லது இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மான வலி இருந்த 240 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு ஓபியாய்டு, மறு பாதிக்குச் சாதாரண வலி மருந்துகள். 12 மாதம் கழித்து அன்றாட வேலைகளைச் செய்யும் திறனில் இரு தரப்புக்கும் வித்தியாசமில்லை. வலியின் அளவில் ஓபியாய்டு தரப்பு சற்றுப் பின்தங்கியே இருந்தது, பக்கவிளைவும் அவர்களுக்குத்தான் அதிகம். நரம்பு வலி மட்டும் தனி வகை. அங்கே டுலோக்செட்டின், அமிட்ரிப்டிலின், கபாபென்டின் போன்றவற்றுக்கு இடம் உண்டு. (இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைச் சட்டென்று நிறுத்திவிட வேண்டாம். இவற்றில் பலவற்றை மருத்துவர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.)

கத்தி வழி பெரும்பாலும் ஒரு ஸ்கேனில் தொடங்குகிறது. "டிஸ்க் தேய்ஞ்சிருக்கு" என்ற ஒரு வரி போதும், பாதி உயிர் போய்விடும். முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த 2015ஆம் ஆண்டு ஆய்வில், 20 வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கும் 80 வயதுக்காரர்களில் 96 சதவீதம் பேருக்கும் டிஸ்க் தேய்மானம் இருந்தது. நரைமுடி மாதிரிதான். முழங்காலில் சின்னத் துளை போட்டுக் கழுவிச் சுத்தம் செய்யும் சிகிச்சையும் இதே கதை. 2002இல் வெளியான சோதனையில் 180 பேரில் ஒரு பகுதியினருக்குத் தோலை மட்டும் கீறித் தைத்து அனுப்பினார்கள். இரண்டு வருடம் கண்காணித்தும் உண்மையான சிகிச்சை பெற்றவர்கள் அவர்களைவிட நன்றாக இல்லை.

ஆனால் கத்தியே வீண் என்று சொல்லிவிட முடியாது. முற்றிலும் தேய்ந்த இடுப்பு மூட்டை மாற்றுவது பலருக்கு நடையைத் திருப்பித் தருகிறது. காலில் பலம் குறைவது, சிறுநீர் கட்டுப்பாடு போவது எல்லாம் அவசரம். அங்கே ஸ்கேனைத் தள்ளிப்போடக் கூடாது.

சரி, பயிற்சி. ஆரம்பத்தில் இதுதான் கசக்கும். நேரம் வேண்டும், போக்குவரத்து வேண்டும், முதல் சில வாரம் வலி கூடவும் செய்யும். ஆனாலும் நாள்பட்ட வலி பல சமயம் காயத்தின் அளவைக் காட்டுவதில்லை. நரம்பு மண்டலம் எச்சரிக்கை மணியைக் கூட்டிவைத்துக்கொள்கிறது. பயந்து அசையாமல் இருந்தால் மணி இன்னும் சத்தமாகும். ஆஸ்திரேலியாவில் 492 பேரை வைத்து நடந்து, 2023இல் வெளியான ரெஸ்டோர் ஆய்வில், பிசியோதெரபிஸ்ட்கள் அசைவையும் பயத்தையும் சேர்த்தே கையாண்டார்கள். 12 வாரத்தில் அதிகபட்சம் ஏழு சிட்டிங், பிறகு நினைவூட்டலுக்கு ஒன்று. ஒரு வருடம் கழித்தும் பலன் நின்றது. வழக்கமான சிகிச்சையோடு ஒப்பிட்டால் ஆளுக்கு 5,000 ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் மிச்சம். அதில் பெரும்பங்கு மருத்துவமனை பில்லில் மிஞ்சியது அல்ல, வேலைக்குப் போக முடிந்ததால் மிஞ்சியது.

பெரிய கணக்கிலும் இதுதான் தெரிகிறது. நாள்பட்ட வலியால் அமெரிக்காவுக்கு ஆண்டுக்கு 56,000 கோடி முதல் 63,500 கோடி டாலர் செலவு என்று 2011இல் ஒரு மதிப்பீடு வந்தது. அதில் பாதிக்கு மேல் இழந்த வேலையும் சம்பளமும்தான். இந்த இழப்பு நோயாளியின் பாக்கெட்டையும் கடிக்கிறது, சிகிச்சைக்குப் பணம் கட்டும் காப்பீட்டு நிறுவனத்தின் கண்ணில் படுவதில்லை. அதனால்தானோ என்னவோ, ஒரே பில்லில் முடியும் அறுவைக்குப் பல சமயம் சுலபமாக அனுமதி கிடைக்கிறது, ஏழு சிட்டிங்குக்கு ஆயிரம் கேள்வி வருகிறது.

என் தேர்வு: முதலில் பயிற்சி, அதைத் தாங்கிக்கொள்ளும் அளவுக்கு மட்டும் மாத்திரை, தெளிவான காரணம் இருந்தால் கத்தி. ஏழு சிட்டிங்குக்கு வசதி இல்லாதவர் இரண்டுக்காவது போகலாம். ஒன்று கற்றுக்கொள்ள, ஒரு மாதம் கழித்து இன்னொன்று, வீட்டில் செய்வது சரிதானா என்று காட்ட.