13 அறை ஃபைல்: ஏழு மாதமாக எங்கள் வீட்டுக் கல்லாப்பெட்டி

சென்னை பாரிமுனை ஆண்டர்சன் தெருவில், கல்யாணப் பத்திரிகைக் கடைகளுக்கு நடுவே ஒரு ஸ்டேஷனரிக் கடையில் இதை 180 ரூபாய்க்கு வாங்கினேன். காசோலை அளவுள்ள விசிறி மடிப்பு ஃபைல். கருநீலப் பிளாஸ்டிக், 13 அறைகள், மூடுவதற்கு ஓர் எலாஸ்டிக் வளையம். பில்களையும் ரசீதுகளையும் மாதவாரியாகப் போட்டு வைப்பதற்காகச் செய்த பொருள். நான் இதில் பணம் வைக்கிறேன். பால் முதல் மருந்து வரை எங்கள் வீட்டு அன்றாடச் செலவெல்லாம் ஏழு மாதமாக இதிலிருந்துதான் போகிறது.

வாங்க வைத்தது கிரெடிட் கார்டு. மகளின் கல்லூரிக் கட்டணமும் புது ஃபிரிட்ஜும் ஒரே மாதத்தில் வந்து, பாக்கி 48,000 ரூபாய் நின்றது. குறைந்தபட்சம் 2,400 கட்டினால் போதும் என்று கைபேசிக்குச் செய்தி வந்தது, கட்டினேன். அடுத்த மாத அறிக்கையைப் பேனாவும் கையுமாகப் படித்தபோதுதான் விவரம் புரிந்தது. மாதம் 3.5 சதவீத வட்டி 1,680 ரூபாய். அந்த வட்டியின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 302 ரூபாய். நான் கட்டியதில் கடனைக் குறைத்தது வெறும் 418 ரூபாய். அதைவிட மனதை அறுத்தது இன்னொன்று. பழைய பாக்கி நிற்கும்வரை புதிதாக வாங்கும் எதற்கும் வட்டியில்லாக் காலம் கிடையாது; வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். சமைத்துச் சாப்பிட்டு முடித்த துவரம்பருப்புக்கு நான் வட்டி கட்டிக்கொண்டிருந்தேன்.

இப்போது மாதம் பிறந்ததும் வங்கிக்கே போய்ச் சீட்டு எழுதிக்கொடுத்து 21,000 ரூபாய் எடுக்கிறேன். ஏடிஎம்மில் எடுத்தால் பெரும்பாலும் 500 ரூபாய்த் தாள்களாகவே வரும். அதை வைத்துக்கொண்டு அறை அறையாகப் பிரிக்க முடியாது. கவுன்டரில் கேட்டால் நூறும் ஐம்பதுமாகத் தருகிறார்கள். மளிகைக்கு 6,500, காய்கறி பழத்துக்கு 3,200, பாலுக்கு, மருந்துக்கு, ஆட்டோவுக்கு என்று இரவு உட்கார்ந்து அடுக்குவேன். பஸ் அறையில் அதிகம் வைப்பதில்லை. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் அது என் கணவருக்கு மட்டும்தான். மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால், பாதித் தொகையை முதல் மாதமே அதன் அறையில் போட்டுவிடுவேன்.

மொய்க்கு ஓர் அறை வேண்டும் என்று சொன்னது என் மாமியார். "கல்யாணம் சொல்லிக்கொண்டா வருகிறது? ஆவணியில் நாலு பத்திரிகை சேர்ந்து வந்தால் எந்த அறையில் கை வைப்பாய்?" என்று கேட்டார். மாதம் 800 ரூபாய் அதற்கென்று ஒதுக்கினோம். இந்த ஆவணியில் மூன்று கல்யாணங்களுக்குப் போனோம். மளிகைப் பணத்தைத் தொடவில்லை. இந்த ஃபைலில் எனக்கு மிகவும் பிடித்த அறை அதுதான்.

பொருளின் குறைகளையும் சொல்ல வேண்டும். 500 ரூபாய்த் தாள் 15 சென்டிமீட்டர் நீளம்; மடிக்காமல் அழகாகப் படுத்துக்கொள்கிறது. பத்து ரூபாய்த் தாளின் அகலம் ஆறே கால் சென்டிமீட்டர்தான். அறையின் ஆழம் பதினொன்று. அது அடியில் போய் ஒட்டிக்கொள்ளும், இரண்டு விரலை விட்டுத் துழாவ வேண்டும். பழைய காலண்டர் அட்டையை வெட்டி ஒவ்வொரு அறையின் அடியிலும் வைத்தபின் தாள்கள் மேலே எட்டிப் பார்க்கின்றன. கூடவே வந்த பெயர்ச் சீட்டுகள் இரண்டே வாரத்தில் நழுவி விழுந்துவிட்டன. மகள் மார்க்கரால் பிளாஸ்டிக்கின் மேலேயே எழுதிக்கொடுத்தாள். சில்லறைக் காசுக்கு இது ஆகவே ஆகாது. காசு சேர்ந்தால் அடி கனத்து, வளையம் கழன்றுவிடுகிறது. காசுகளை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலுக்கு மாற்றிவிட்டேன்.

ஃபைலைக் கடைக்கு எடுத்துப் போவதில்லை. எந்தச் செலவோ அந்த அறையின் பணத்தை மட்டும் பர்ஸில் வைத்துக்கொண்டு போவேன். போன மாதம் 26ஆம் தேதி மளிகை அறையில் 620 ரூபாய் இருந்தது. வில்லிவாக்கத்தில் வழக்கமாக வாங்கும் கடையில் பில் 780 வந்தது. "பாக்கியை அப்புறம் கொடுங்கள் அம்மா" என்றார் கடைக்காரர். வேண்டாம் என்று சொல்லி, முந்திரிப் பாக்கெட்டையும் இரண்டாவது சோப்புக் கட்டையும் எடுத்து வைத்துவிட்டு வந்தேன். பின்னால் வரிசை நின்றது. கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. கார்டு கையில் இருந்திருந்தால் 780 என்ற எண்ணையே நான் கவனித்திருக்க மாட்டேன். அஞ்சறைப்பெட்டியில் கடுகு குறைவது சமைப்பவள் கண்ணில் படுவதைப் போல, இங்கே பணம் குறைவது செலவழிக்கும் முன்பே கண்ணில் படுகிறது. கார்டு அறிக்கை வருவது எல்லாம் முடிந்த பிறகு.

எல்லாவற்றுக்கும் ரொக்கம் சரிப்படாது. வாடகையும் கல்லூரிக் கட்டணமும் ரயில் முன்பதிவும் வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் போகின்றன. வீட்டில் பத்து இருபதாயிரம் இருப்பதால் பீரோவைப் பூட்டாமல் நாங்கள் வெளியே போவதில்லை. பகலில் ஆளில்லாத வீடு என்றால் ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் எடுத்து வையுங்கள்.

கார்டுப் பாக்கி இப்போது 11,000 ரூபாய்க்கு இறங்கியிருக்கிறது. மாதக் கடைசியில் அறைகளில் மிஞ்சுவது அத்தனையும் அதற்கே போகிறது. போன மாதம் மருந்து அறையில் மட்டும் 740 மிஞ்சியது. ஃபைலின் எலாஸ்டிக் தளர்ந்துவிட்டதால் தையல்காரரிடம் புது நாடா வைத்து வாங்கினேன். பிளாஸ்டிக் மடிப்புகள் இதுவரை எங்கும் கிழியவில்லை. இன்னொன்று வாங்கப் போனால், நடுவில் ஜிப் வைத்த அறை இருக்கிறதா என்று திறந்து பார்த்துத்தான் வாங்குவேன். ஐம்பது ரூபாய் கூடுதல் என்றாலும் பரவாயில்லை.