ஆட்டிசமுள்ள பதின்வயதினருக்குப் பார்க்ரன் பொருந்துமா?

லண்டன் புஷி பார்க்கில் 2004 அக்டோபரில் 13 பேர் ஓடித் தொடங்கிய பார்க்ரன், இன்று பல நாடுகளில் சனிக்கிழமைதோறும் தன்னார்வலர்களே நடத்தும் 5 கிலோமீட்டர் இலவச ஓட்டமாக வளர்ந்திருக்கிறது. ஆட்டிசமுள்ள என் அக்கா மகனை இங்கிலாந்தில் இதற்கு அழைத்துச் சென்றுவருகிறேன். அவனைப் போன்ற பிள்ளைகளை வைத்திருப்போருக்குப் பயன்படும் என்பதால் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

இதற்கு முன் அவனைச் சேர்த்திருந்த கால்பந்துக் குழுவில் "எல்லோரையும் வரவேற்கிறோம்" என்றார்கள். ஆனால் ஆட்டம் தொடங்கினால் அவனுக்குப் பெஞ்சுதான். பார்க்ரனில் அணித் தேர்வும் இல்லை, பயிற்சியாளரின் அதட்டலும் இல்லை. வராத வாரத்துக்கு யாரும் காரணம் கேட்பதுமில்லை. அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்தால்தான் வீட்டைவிட்டுக் கிளம்புவேன் என்னும் பையனுக்கு, அதே பூங்கா, அதே பாதை, அதே 9 மணி என்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை அனுபவித்தவர்களே அறிவார்கள். பாதையின் வரைபடம் இணையதளத்தில் இருப்பதால், முதல் நாள் மாலையே நடந்து பார்த்துவிடலாம். எல்லோருக்கும் பின்னால் வருவதற்கென்றே 'டெயில் வாக்கர்' என்ற தன்னார்வலர் இருப்பதால், மெதுவாக நடப்பவர்கூடக் கடைசி ஆள் ஆவதில்லை.

சிரமம் தொடக்கத்திலும் முடிவிலும்தான். கிளம்பும் இடத்தில் கூட்டம் நெருக்கியடித்து நிற்கும்; கைதட்டலும் பலமாக இருக்கும். இரைச்சலைத் தடுக்கும் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு பின்வரிசையில் நிற்பது உதவும். ஓடி முடித்ததும் குறுகிய வழியில் வரிசை மாறாமல் நடந்து, எத்தனையாவதாக வந்தோம் என்ற எண் பொறித்த வில்லையை வாங்கி, அதையும் பதிவு செய்தபோது நமக்குக் கிடைத்த பார்கோடையும் ஸ்கேன் செய்யக் கொடுக்க வேண்டும். வில்லையை வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது என்பதைப் பிள்ளையிடம் முன்பே சொல்லிவையுங்கள். தன் எண்ணைப் பிரிய மனமில்லாமல் இவன் கையை இறுக மூடிக்கொண்டபோது, ஸ்கேன் செய்த அம்மையார் கையை நீட்டாமல், பின்னால் நின்றவர்களைப் பக்கத்து ஆளிடம் அனுப்பிவிட்டு, அவனாகத் திறக்கும்வரை காத்திருந்தார்.

ஓட மனமில்லாத நாட்களில், திரும்பி வந்த வில்லைகளை எண் வரிசைப்படி அடுக்கும் தன்னார்வப் பணியை அவன் செய்கிறான். விடுபட்ட எண்ணை அவனைவிட வேகமாகக் கண்டுபிடிப்பவர் அங்கு யாருமில்லை. பரிதாபப்பட்டு ஒதுக்கிய வேலையாக இல்லாமல் உண்மையிலேயே தேவைப்படும் வேலையாக இருப்பதால், நான் ஓட்டத்தைவிட இதையே உயர்வாக மதிப்பிடுவேன்.

குறைகளும் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கும் 2 கிலோமீட்டர் ஜூனியர் பார்க்ரன் 4 முதல் 14 வயது வரைதான். அதைத் தாண்டினால் பெரியவர்களின் கூட்டத்தோடுதான் ஓட வேண்டும். 2024 பிப்ரவரியில் ஒவ்வொரு பாதைக்குமான சாதனைப் பட்டியல்களை இணையதளத்திலிருந்து நீக்கியது வேகம் குறைந்தவர்களுக்குக் கூச்சத்தைக் குறைக்கலாம். புள்ளிவிவரங்களிலேயே மூழ்கிக் கிடக்கும் எங்கள் வீட்டுப் பையனுக்கு அது இழப்புதான். வாராவாரம் முடிவுகள் வெளியாவதில் சமாதானம் அடைந்திருக்கிறான். நட்பும் தானாக அமைந்துவிடாது. ஓடி முடித்தவர்கள் காபி குடிக்கக் கூடும் கடையின் சத்தத்தில் அவனால் ஐந்து நிமிடம்கூட உட்கார முடிவதில்லை.

புஷி பார்க்கில் ஆயிரம் பேருக்கு மேல் திரள்வதுண்டு. ஆகவே முதல் முறை செல்பவர்கள் புகழ்பெற்ற பூங்காவைத் தேடாமல், முந்தைய வார முடிவுகளில் எத்தனை பேர் ஓடினார்கள் என்று பார்த்து, கூட்டம் குறைந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது.