பிக்ஸ்பி வைப்ரேட்டோ டெயில்பீஸ்: பொருத்தி ஓராண்டுக்குப் பிறகு ஒரு மதிப்புரை

லெஸ் பால் வடிவத்தில் அமைந்த என் எலெக்ட்ரிக் கிட்டாரில், ஸ்ட்ரிங்குகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் அசையாத டெயில்பீஸைக் கழற்றிவிட்டு, ஆர்ம் என்ற நெம்புகோலால் சுருதியை அசைக்க உதவும் பிக்ஸ்பி பி7 வைப்ரேட்டோ டெயில்பீஸைப் பொருத்தி ஓராண்டு ஆகிறது. பொருத்திய முதல் வாரத்திலேயே எழுத உட்கார்ந்திருந்தால் இது ஒரு புகார்க் கடிதமாகத்தான் முடிந்திருக்கும். ஆர்மை இரண்டு முறை அழுத்திவிட்டால் போதும், சுருதி கலைந்துவிடும். நானும் டெயில்பீஸைத் திட்டிக்கொண்டே இருந்தேன். திட்டு வாங்க வேண்டியவை, கழுத்தின் தலைமுனையில் ஸ்ட்ரிங்குகள் பதியும் பள்ளங்கள் கொண்ட நட்டும், உடற்கட்டையின் மேல் அவற்றைத் தாங்கும் பிரிட்ஜும்தான் என்பது பிறகே விளங்கியது.

கருவியின் அமைப்பு எளிமையானது. ஆறு ஸ்ட்ரிங்குகளும் ஓர் உருளைத் தண்டிலுள்ள ஊசிகளில் மாட்டப்பட்டு, அதைச் சுற்றி வந்து, முன்னாலுள்ள அழுத்தத் தண்டின் அடியில் புகுந்து பிரிட்ஜின் மேல் ஏறுகின்றன. ஆர்மை அழுத்தினால் உருளை சற்றே சுழன்று ஸ்ட்ரிங்குகளைத் தளர்த்துகிறது. கையை எடுத்தால் ஆர்மின் அடியிலுள்ள ஒரே ஒரு ஸ்பிரிங் அதைப் பழைய நிலைக்குத் தள்ளிவிடுகிறது. டாக் காஃப்மன் என்பவர் 1932-இல் காப்புரிமை பெற்ற வைப்ரோலா என்ற முந்தைய வைப்ரேட்டோ பொறி, சுருதி திரும்பாத கருவி என்று பெயர் வாங்கியிருந்தது. கிட்டார் கலைஞர் மெர்ல் டிராவிஸ் தன்னிடமிருந்த வைப்ரோலாவைச் சரிசெய்து தரும்படி பால் பிக்ஸ்பியிடம் கொடுக்கப்போய், பிக்ஸ்பி 1950களின் தொடக்கத்தில் தானே புதிதாக ஒன்றை உருவாக்கினார். ஆக, என் புகாருக்கு வயது அதிகம்.

வாங்கப் போகிறவர்கள் பெயர்க் குழப்பம் ஒன்றையும் அறிந்திருப்பது நல்லது. சுருதி மேலும் கீழும் அசைவது வைப்ரேட்டோ. ஒலியளவு கூடிக் குறைவது டிரெமலோ. ஃபெண்டர் நிறுவனம் 1954-இல் வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரில் சுருதியை அசைக்கும் பொறிக்கு டிரெமலோ என்றும், தன் ஆம்ப்ளிஃபயர்கள் சிலவற்றில் ஒலியளவை அசைக்கும் சுற்றுக்கு வைப்ரேட்டோ என்றும் தலைகீழாகப் பெயர் வைத்ததால், இன்றும் கடைக்காரர்கள் இரண்டு சொற்களையும் ஒரே பொருளுக்குப் பயன்படுத்துகிறார்கள். மாடல் எண்ணைச் சொல்லிக் கேட்பதே பாதுகாப்பு. மேற்பரப்பு தட்டையான கிட்டாருக்கு பி5, என்னுடையதைப் போல மேற்பரப்பு வளைந்த திடக் கட்டைக்கு பி7, ஃபெண்டரின் டெலிகாஸ்டர் கிட்டாருக்கு பி16.

கட்டையில் புதிதாகத் துளையிட எனக்கு மனம் வரவில்லை. ஆகையால், ஏற்கெனவே உள்ள துளைகளையே பயன்படுத்திக்கொள்ளும் இணைப்புத் தகடு ஒன்றை வாங்கினேன். திருகுகளை முடுக்கும் வேலை அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது; ஆனால் ஆம்ப்ளிஃபயரை இயக்கியதும் பெரும் இரைச்சல். ஸ்ட்ரிங்கைத் தொட்டால் அடங்க வேண்டிய அந்த இரைச்சல் தொட்டபோதும் அடங்காததால், எர்த் இணைப்பு அறுந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். இந்த வகைக் கிட்டாரில் எர்த் கம்பி பழைய டெயில்பீஸின் திருகு இறங்கும் உலோகக் குழலில் உள்ளேயே சேர்க்கப்பட்டிருக்கும். மல்ட்டிமீட்டரின் ஒரு முனையை ஸ்ட்ரிங்கிலும் மறுமுனையை ஜாக்கின் வெளிவளையத்திலும் வைத்துப் பார்த்தேன்; தொடர்ச்சி இல்லை. தகட்டின் மேலிருந்த மின் கடத்தாப் பூச்சே காரணம். திருகின் தலை வந்து அமரும் இடத்தில் மட்டும், வெளியே தெரியாத அளவுக்கு, உப்புத்தாளால் தேய்த்து உலோகத்தை வெளிக்கொண்டு வந்ததும் இரைச்சல் நின்றது. தகட்டைச் செய்தவர்களின் பெயர் இங்கே வேண்டாம். குறிப்புச் சீட்டில் ஒரு வரி எழுதியிருந்தால் எனக்கு ஒரு மாலைப்பொழுது மிஞ்சியிருக்கும்.

இனி சுருதிக்கு வருகிறேன். ஆர்மை அழுத்தும் ஒவ்வொரு முறையும் ஸ்ட்ரிங் முழுவதும், தலைப்பகுதியில் சுருதி கூட்டும் திருகான டியூனிங் பெக் வரை, நூலிழை அளவு நகர்ந்து மீள வேண்டும். வழியில் எங்கே உராய்வு இருக்கிறதோ அங்கே அது சிக்கிக்கொள்ளும். அசையாத டெயில்பீஸ் இருந்தவரை அந்தச் சிக்கல் தலைகாட்டவே வாய்ப்பில்லை. எங்கே சிக்குகிறது என்று கண்டுபிடிக்க ஓர் எளிய சோதனை உண்டு: ஆர்மை அழுத்திவிட்டு விட்டபின், சுருதி விலகிய ஸ்ட்ரிங்கை நட்டுக்கு அப்பால், டியூனிங் பெக் இருக்கும் பக்கத்தில் விரலால் ஒருமுறை அழுத்திவிட்டு மீண்டும் மீட்டிப் பார்க்க வேண்டும். சுருதி மாறியிருந்தால் பிடித்து வைத்திருந்தது நட்தான். என் கிட்டாரில் மூன்றாவது, நான்காவது ஸ்ட்ரிங்குகள் இரண்டும் அப்படித்தான் மாட்டிக்கொண்டிருந்தன. பக்கத்துக்கு மூன்று பெக்குகள் அமைந்த தலைப்பகுதியில் இந்த இரண்டும் நட்டைத் தாண்டியதும் பக்கவாட்டில் அதிகமாகத் திரும்புவதே அதற்குக் காரணம். பெக்கைத் திருப்பும்போது ‘டிக்’ என்று ஒரு மெல்லிய ஓசை வந்ததை நான் பல ஆண்டுகள் கேட்டும் கேளாதவனாக இருந்திருக்கிறேன். மிக நயமான உப்புத்தாளை மடித்து அந்த இரண்டு பள்ளங்களின் பக்கச் சுவர்களை மட்டும் மெருகேற்றி, பென்சில் கரியைத் தூளாக்கித் தடவியதில் பாதித் தொல்லை தீர்ந்தது. பள்ளத்தின் அடிப்பகுதியை ஆழப்படுத்திவிடக் கூடாது. அப்படிச் செய்தால் திறந்த ஸ்ட்ரிங், கழுத்தின் குறுக்கே பதிந்த உலோக வரையான ஃப்ரெட்டில் உரசிக் கரகரக்கும்.

மீதிப் பாதிக்கு பிரிட்ஜ் பொறுப்பு. சிறு சக்கரங்கள் கொண்ட ரோலர் பிரிட்ஜ் வாங்கும்படி எல்லோரும் சொல்ல, நானும் ஒன்று வாங்கினேன். அதில் ஐந்தாவது ஸ்ட்ரிங்கின் சக்கரம் தளர்ந்திருந்ததால், குறிப்பிட்ட ஒரு சுரம் ஒலிக்கும்போதெல்லாம் டப்பாவுக்குள் குண்டூசி உருள்வது போன்ற ஓசை வந்தது. அதைக் கழற்றி ஓரம் வைத்துவிட்டு, பழைய பிரிட்ஜிலேயே ஸ்ட்ரிங் அமரும் விளிம்புகளை உருட்டித் தேய்த்துக் கரி தடவினேன். ஓராண்டாக அதுவே போதுமானதாக இருக்கிறது.

சுருதி நின்றபின் கிடைக்கும் பலன் உண்மையாகவே இனிமையானது. பல சுரங்கள் சேர்ந்தொலிக்கும் கார்டு ஒன்றை மெதுவாக மீட்டி, அது அடங்கும் தறுவாயில் உள்ளங்கையின் ஓரத்தால் ஆர்மை இலேசாக அசைத்தால், ஒலி நீரில் விழுந்த வெளிச்சம்போல் நெளிகிறது. விரலால் ஒரே சுரத்தை அசைத்து இதைப் பெற முடியாது. ஆனால் எல்லா ஸ்ட்ரிங்குகளும் ஒரே அளவு தளர்ந்தாலும் சுருதி ஒரே அளவு இறங்குவதில்லை. சுற்றப்படாத மூன்றாவது ஸ்ட்ரிங் தன் இழுவிசைக்குத் தடித்த எஃகாக இருப்பதால் மற்றவற்றைவிட அதிகம் இறங்குகிறது. ஆழமாக அழுத்தினால் கார்டு கலைந்துபோகிறது. அரைச் சுரம், மிஞ்சினால் ஒரு முழுச் சுரம் என்பதே இதன் நியாயமான எல்லை. ஸ்ட்ரிங்குகள் தொளதொளத்துத் தொங்கும் வரை சுருதியைப் பாதாளத்துக்கு இறக்க விரும்புகிறவர்கள் ஃப்ளாய்ட் ரோஸ் வகை வைப்ரேட்டோ பக்கம் போக வேண்டும். அதற்குப் பெரும்பாலும் கட்டையைக் குடைய வேண்டியிருக்கும்.

இழந்தவையும் உண்டு. ஒரு ஸ்ட்ரிங்கை வளைக்கும்போது உருளை சிறிது இழுபட்டு மற்றவை இறங்குவதால், இரண்டு ஸ்ட்ரிங்குகளைச் சேர்த்து மீட்டி ஒன்றை மட்டும் வளைக்கும் வாசிப்பு முன்போல் துல்லியமாக அமைவதில்லை. பிரிட்ஜுக்கும் உருளைக்கும் இடைப்பட்ட ஸ்ட்ரிங் துண்டு தானாக ரீங்கரிக்கிறது. அங்கே ஒரு ஃபெல்ட் நாடாவைச் செருகி வைத்திருக்கிறேன். எடையும் கூடியிருக்கிறது, பொருட்படுத்தும்படி இல்லை.

பொறுமையைச் சோதிப்பது ஸ்ட்ரிங் மாற்றும் வேலைதான். முனையிலுள்ள பித்தளைக் குண்டை ஊசியில் மாட்டி, மறு கையால் பெக்கைத் திருப்பப் போகும் நொடியில் அது நழுவி விழும்; மீண்டும் மாட்டினால் மீண்டும் விழும். முதல் முறை ஆறு ஸ்ட்ரிங்குகளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. இப்போது ஸ்ட்ரிங்கின் முனையை ஸ்க்ரூடிரைவர் தண்டில் வைத்து அரைவட்டமாக வளைத்துக்கொண்டு மாட்டுகிறேன். உருளைக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு ஸ்பாஞ்சுத் துண்டைத் திணித்துவிட்டால் குண்டு இடம் பெயராது. பெக்கில் இரண்டு சுற்று ஏறி ஸ்ட்ரிங் விறைத்தபின் ஸ்பாஞ்சை உருவிவிடலாம். இந்த ஒரு தொல்லையை மட்டும் தவிர்க்க நினைப்பவர்கள், பழைய டெயில்பீஸின் திருகுகளிலேயே அமரும் டூசன்பெர்க் நிறுவனத்தின் லெஸ் டிரெம் வைப்ரேட்டோவைப் பார்க்கலாம்; அதில் ஸ்ட்ரிங்கை நேராகக் கோத்துவிட முடியும். நான் அதற்கு மாறவில்லை. பிக்ஸ்பியின் ஆர்ம் கைக்குக் கீழே வந்து நிற்கும் விதமும், அந்தக் கனத்த ஸ்பிரிங் தரும் மெத்தென்ற எதிர்ப்பும் எனக்குப் பழகிவிட்டன.