தஞ்சாவூர் ஓவியத்தைப் படமெடுக்க எந்தக் கேமரா?

கிருஷ்ணருக்குப் பின்னால் நான் பூசியிருந்தது கரும்பச்சை. வாங்கியவர் தன் கைப்பேசியில் பார்த்தது மயில்கழுத்து நிறம். 18-க்கு 24 அங்குலப் பலகை. கூரியரில் ஒரு கீறல்கூட இல்லாமல் போய்ச் சேர்ந்தது. அன்று மாலையே அழைத்தார். “வேலைப்பாடு அருமை. ஆனால் நான் பார்த்து வாங்கிய நிறம் இது இல்லையே?” என்றார். அவர் மீது தவறே இல்லை. நான் அனுப்பிய படம்தான் பொய் சொன்னது. பலகையைத் திரும்ப வரவழைத்த கையோடு, படமெடுக்க ஒரு நல்ல கருவி வாங்கியே தீருவது என்று இறங்கினேன். கைப்பேசி, ஸ்கேனர், பழைய டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி வைத்த கேமரா), புதிய மிரர்லெஸ் (அந்தக் கண்ணாடி இல்லாதது) ஆகிய நான்கையும் என் பலகைகளை வைத்தே பார்த்தேன். கடைசியில் வாங்கியது பழைய டிஎஸ்எல்ஆர். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஸ்கேனரைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. தாளில் கோட்டோவியம் வரைபவர்களுக்கும், ஏ4 அளவுக்குள் நீர்வண்ணம் தீட்டுபவர்களுக்கும் நல்ல ஸ்கேனர் ஒன்றே போதும்; கேமரா வேண்டாம். ஆனால் மக்கு என்ற பசைக்கலவை வைத்து மேடாக்கிய தூணும் வளைவும் கெம்புக் கற்களும் உள்ள பலகையை அதன் கண்ணாடியில் கவிழ்த்து வைக்க மனம் வராது. மெல்லிய வகை ஸ்கேனர்களில் கண்ணாடியைத் தொட்டிருக்கும் பரப்பு மட்டுமே கூர்மையாகத் தெரியும். மேட்டுக்குக் கீழே இருக்கும் முகம் மங்கிவிடும்.

கைப்பேசியைக் குறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. பல ஆண்டுகள் அதில்தான் எடுத்தேன். கூர்மையில் அதற்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அதன் முக்கிய லென்ஸ் அகலக் கோணம். இந்த அளவுப் பலகை திரையை நிறைக்க இரண்டடித் தூரத்துக்குள் போக வேண்டியிருக்கிறது. அவ்வளவு நெருக்கத்தில், ஒட்டியிருக்கும் மெல்லிய தங்கத் தகடான ரேக்கில் என் கையும் கைப்பேசியும் கறுப்பாக விழுந்துவிடுகின்றன. ஓரத்துத் தூண்களின் பக்கவாட்டுச் சுவர்வரை படத்தில் தெரிகிறது; நேரே நின்று பார்ப்பவருக்கு அவை அப்படித் தெரிவதில்லை. தொலைவு லென்ஸுக்கு மாற்றிப் பின்னால் நகரலாம்தான். ஆனால் வீட்டு வெளிச்சம் போதாதபோது, பல கைப்பேசிகள் அந்த லென்ஸைப் பயன்படுத்தாமல் முக்கிய லென்ஸின் படத்தையே வெட்டிப் பெரிதாக்கித் தந்துவிடும்.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது நிறம். நம் ஓவியத்தில் பாதிக்குப் பாதி தங்கம். விளக்கின் நிறத்துக்கு ஏற்பப் படத்தின் நிறத்தைச் சரிசெய்வது ஒயிட் பேலன்ஸ். எந்தக் கேமராவும் தானியங்கி ஒயிட் பேலன்ஸில் இருக்கும்போது இந்த மஞ்சளைப் பார்த்து, அறையின் விளக்கு மஞ்சளாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறது. அதைச் சரிக்கட்ட நீலத்தைக் கூட்டுகிறது. பச்சையில் நீலம் ஏறினால் மயில்கழுத்து. கிருஷ்ணர் படத்துக்கு நேர்ந்தது இதுதான். அந்தப் பலகை திரும்பி வந்ததும் ஒரே ஜன்னல் வெளிச்சத்தில் மூன்று படம் எடுத்துப் பார்த்தேன்: முழுப் பலகை, முகம் மட்டும், தங்கமே இல்லாத பின்னணி மூலை. மூன்றிலும் மூன்று பச்சை. மூலையை மட்டும் எடுத்த படத்தில்தான் நான் குழைத்த பச்சை இருந்தது. இதைப் பார்த்த பிறகு, மற்ற எந்த வசதியும் எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை.

டிஎஸ்எல்ஆரையும் தானியங்கியில் விட்டால் இதே தவறைத்தான் செய்யும். வித்தியாசம், அதன் முடிவெடுக்கும் உரிமையை நாம் பறித்துக்கொள்ளலாம் என்பதில் இருக்கிறது. பலகை இருக்கும் இடத்தில் சாம்பல் நிற அட்டையை வைத்து ஒரு படம் எடுத்து, அதையே ஒயிட் பேலன்ஸுக்கு அளவாகக் கொள்ளும்படி கேமராவுக்குச் சொல்லிவிட வேண்டும். அதன்பின் விளக்கை மாற்றாதவரை, எத்தனை பலகை வைத்தாலும், முகத்தை எடுத்தாலும் மூலையை எடுத்தாலும், பச்சை ஒரே பச்சைதான். ஒளியுணர்வு அளவான ஐஎஸ்ஓ 100, லென்ஸின் துளை எஃப் 8, கேமரா முக்காலியில், இரண்டு விநாடி டைமர். கூடவே கேமரா மெருகேற்றாத ரா கோப்பும் சேமித்துக்கொள்கிறேன். கைப்பேசியிலும் ப்ரோ முறையும் ரா கோப்பும் உண்டு. ஆனால் என்னுடையதில் நிறத்தைக் கண்ணால் பார்த்துத்தான் நகர்த்த முடிகிறது. அட்டையைக் காட்டி அளக்க வழியில்லை. செயலியை மூடித் திறந்தால் வைத்த அளவும் போய்விடுகிறது.

நான் வாங்கியது ஒருவர் பயன்படுத்திய கேனான் 200டி மார்க் 2, கூடவே 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ். இந்த லென்ஸில் 24 அங்குலப் பலகை அடங்க ஏறக்குறைய ஆறடி தள்ளி நிற்க வேண்டும். அந்த ஆறடிதான் எனக்கு வேண்டியிருந்தது. தட்டையான ரேக்கு கண்ணாடி மாதிரி. நேராகப் பார்க்கும் கேமராவுக்கு, கேமராவின் பின்னால் இருப்பதைத்தான் காட்டும். பின்னால் இருட்டறை என்றால் தங்கம் பழுப்பாகிவிடும். அதனால் கேமராவுக்கு முன்னால் ஒரு வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டு, லென்ஸ் அளவுக்கு ஒரு துளை போட்டிருக்கிறேன். இரண்டு எல்இடி விளக்குகள் பலகைக்கு 45 பாகையில். மூன்றாவது ஒன்று வேட்டியின் மீது. வேட்டி வெளுத்ததும் தங்கம் எழுந்து வருகிறது. முதல் தடவை அதைத் திரையில் பார்த்தபோது கேமரா வாங்கிய பணம் நினைவிலேயே இல்லை.

எண்ணெய் வண்ணக்காரர்கள் இதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும்: கேமராவின் பின்னால் கறுப்புத் துணி, விளக்குகளின் முன் ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் போலரைசிங் தாள், லென்ஸில் அதே வகை ஃபில்டர் குறுக்காக. வார்னிஷின் பளபளப்பு முழுதாக அடங்கிவிடும். அதையே நம் பலகைக்குச் செய்தால் ரேக்கு தார் பூசியதுபோல் கறுத்துவிடும். செய்து பார்த்துவிட்டேன்.

பலகைக்குக் கேமரா நேராக இருக்கிறதா என்பதற்குச் சின்ன முகக்கண்ணாடி போதும். பலகையின் நடுவில் அதைத் தட்டையாக ஒட்டவைத்து, திரையில் என் லென்ஸே நட்டநடுவில் தெரியும்வரை முக்காலியை நகர்த்துகிறேன்.

மிரர்லெஸைப் பற்றி நான் சொல்வதை அளவாகவே எடுத்துக்கொள்ளுங்கள். நண்பர் ஒருவர் பெரிய சென்சார் கொண்ட தன்னுடைய ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ் கேமராவை இரண்டு நாள் கொடுத்தார், அவ்வளவுதான். எடுக்கப்போகும் படம் வியூஃபைண்டரிலேயே தெரிவது சுகம். ஆனால் முக்காலியில் வைத்துப் பின்திரையைப் பார்த்தே எடுக்கும் எனக்கு, டிஎஸ்எல்ஆரின் லைவ் வியூ அதே வேலையைச் செய்துவிடுகிறது. மங்கிய வெளிச்சத்தில் நண்பரின் கேமரா கெட்டிக்காரத்தனம் காட்டும். ஆனால் ஐஎஸ்ஓ 100-ல் அசையாத பலகையை எடுக்க அது எதற்கு? 24 மெகாபிக்ஸலில் என் பலகைக்கு அங்குலத்துக்கு 200 புள்ளி அளவில் கிடைக்கிறது. கெம்புக் கல்லின் விளிம்பில் பசை கசிந்திருந்தால்கூடத் தெரிகிறது. மூல அளவுக்கோ அதைவிடப் பெரிதாகவோ அச்சுப்பிரதி விற்பவர்களின் கணக்கு வேறு. சோனி ஏ7ஆர் 4 போன்றவை 16 படங்களை ஒன்றுசேர்த்து மிகப் பெரிய கோப்பு தரக்கூடியவை. அவர்கள் அந்தப் பக்கம் போவதில் அர்த்தம் இருக்கிறது.

டிஎஸ்எல்ஆர் வாங்கினால் பிறகு விற்க முடியுமா என்று கேட்கிறார்கள். விலை இறங்கிக்கொண்டுதான் போகும். கேனானும் நிகானும் தங்கள் கவனத்தை மிரர்லெஸுக்குத் திருப்பி வெகு நாளாகிறது. அந்த இறக்கம்தான் எனக்கு இதை மலிவாகக் கொடுத்தது. நாளை கேனான் மிரர்லெஸ் பாடி (லென்ஸ் இல்லாத கேமரா) வாங்கினாலும், கேனானின் அடாப்டர் வழியாக இந்த லென்ஸ் அதில் பொருந்தும். பயன்படுத்தியதை வாங்கும்போது பாடியைவிட லென்ஸைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் பாருங்கள். சிலந்தி நூல் மாதிரி தெரிந்தால் அது பூஞ்சை, விட்டுவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் நம் ஊரில் நல்ல லென்ஸுக்கும் அது வரும். காற்றுப்புகாத சாப்பாட்டு டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு போட்டு வைக்கிறேன். இரண்டு மழைக்காலம் தாண்டிவிட்டது.

எந்தக் கேமரா வாங்கினாலும், சட்டம் போடக் கொடுக்கும் முன்பே படத்தை எடுத்துவிடுங்கள். கண்ணாடி ஏறிய பிறகு வேட்டியும் ஃபில்டரும் சேர்ந்தாலும் அந்தத் தங்கத்தை நான் திரும்பப் பிடித்ததில்லை. இப்போதெல்லாம் கடைசிக் கல் ஒட்டிக் காய்ந்ததும் பலகை நேரே வேட்டிக்கு முன்னால்தான் போகிறது.