ஜீசஸ் ரெவல்யூஷன்: எழுப்புதலைக் காட்டிய படம், லோனியைப் பாதியில் விட்டுவிட்டது

கிறிஸ்தவப் படம் என்றால் பிரசங்கம்தான் இருக்கும் என்று நினைத்துப் பல படங்களைத் தள்ளிவிட்டிருக்கிறேன். 2023-இல் வந்த 'ஜீசஸ் ரெவல்யூஷன்' படத்தை இரண்டு முறை பார்த்துவிட்டேன், இரண்டு முறையும் அழுதேன். ஆனாலும் இந்தப் படத்தின் மேல் எனக்கு ஒரு வருத்தம் இருக்கிறது.

1960களின் கடைசியில் கலிபோர்னியாவின் ஹிப்பிப் பிள்ளைகள் நடுவே எழும்பிய எழுப்புதல்தான், அதாவது கூட்டம் கூட்டமாக ஜனங்கள் இயேசுவிடம் திரும்பியதுதான் கதை. கோஸ்டா மேசாவில் கல்வாரி சேப்பல் என்ற சின்ன சபை, அதன் போதகர் சக் ஸ்மித், ஒருநாள் அவருடைய மகள் வீட்டுக்கே கூட்டிவந்துவிடும் நீளமுடி ஹிப்பி லோனி ஃப்ரிஸ்பி, போதையில் சிக்கியிருந்த பள்ளிக்கூடப் பையன் கிரெக் லாரி. மூன்று பேரும் நிஜமாக வாழ்ந்தவர்கள், கிரெக் லாரி இன்றைக்கும் ஊழியம் செய்கிறார்.

முதலில், மனதை விட்டுப் போகாத காட்சி. வெறுங்காலோடு வரும் பிள்ளைகளால் சபையின் கார்பெட் அழுக்காகிறது என்று பெரியவர்கள் முறையிடுகிறார்கள். அடுத்து பார்த்தால் போதகர் வாசலிலேயே முழங்கால் போட்டு, உள்ளே வருகிறவர்களின் கால்களைத் தண்ணீர் வைத்துக் கழுவிக்கொண்டிருக்கிறார். அவராக நடித்த கெல்சி கிராமர் அந்த இடத்தில் வசனத்தை நம்பவே இல்லை. நிஜத்திலும் வெறுங்காலோடு வரக்கூடாது என்று யாரோ சபையில் எழுதி வைத்ததையும், சக் ஸ்மித் அதை எடுத்துவிட்டு, தேவைப்பட்டால் கார்பெட்டையே பிய்த்துவிடலாம் என்றதையும் அந்தச் சபையார் இன்றுவரை சாட்சியாகச் சொல்வார்கள். எழுப்புதல் வந்தால் பழைய விசுவாசிகளுக்கு என்ன செலவாகும் என்பதை இந்த ஒரு காட்சி சொல்லிவிடுகிறது.

கொரோனா டெல் மார் கடற்கரையில் பைரட்ஸ் கோவ் என்ற இடத்தில் நடந்த ஞானஸ்நானமும் அப்படித்தான். பாறைகளின் மேல் ஜனங்கள் நெருக்கியடித்து நிற்க, கீழே அலைக்குள் ஒவ்வொருவராக முழுகி எழும்புகிறார்கள். டைம் பத்திரிகை 1971 ஜூன் மாதம் இந்த எழுப்புதலை அட்டைப்படக் கட்டுரையாகவே போட்டது. பாட்டும் கிட்டாரும் ஆராதனைக்குள் வந்த விதத்தையும் படம் அழகாகக் காட்டுகிறது.

என் வருத்தம் லோனி விஷயத்தில். 'தி சோசன்' தொடரில் இயேசுவாக வரும் ஜோனத்தன் ரூமிதான் லோனி, அவ்வளவு உயிரோடு செய்திருக்கிறார். ஆனால் படத்தின் பின்பாதி கிரெக்கின் காதலுக்குள் போய்விடுகிறது, லோனியும் சக்கும் பிரிந்ததைப் பெருமையும் மனஸ்தாபமுமாகச் சுருக்கிவிட்டு, அவரைக் காரில் ஏற்றி அனுப்பிவிடுகிறார்கள். பிறகு வின்யார்ட் என்ற இன்னொரு சபைக் குழுவின் ஆரம்ப நாட்களிலும் கர்த்தர் அவரைப் பயன்படுத்தினார், ஓரினச்சேர்க்கை உறவுகள் வெளியே தெரிந்தபின் அவர் ஒதுக்கப்பட்டார், 1993-இல் 43 வயதில் எய்ட்ஸால் இறந்தார். இதையெல்லாம் படம் பேசவில்லை. கடைசியில் திரையில் வரும் சில வரிகளோடு சரி.

லோனியின் அடக்க ஆராதனையில் சக் ஸ்மித்தே அவரை வேதாகமத்தில் வரும் பலசாலி சிம்சோனுக்கு ஒப்பிட்டுப் பேசினார். சிம்சோனின் கதையை வேதாகமம் எப்படிச் சொல்கிறது? அவனைக் காட்டிக்கொடுத்த தெலீலாளையும் சொல்கிறது, பிடுங்கப்பட்ட கண்களையும் சொல்கிறது, கடைசி ஜெபத்தையும் சொல்கிறது. தாவீதின் பாவத்தை மறைக்காத புத்தகத்தைக் கையில் வைத்திருக்கிற நமக்கு லோனியின் முழுக்கதையைச் சொல்ல ஏன் இவ்வளவு பயம்? உடைந்த ஒரு மனிதன் மூலமாக இத்தனை ஆயிரம் பேர் இரட்சிக்கப்பட்டார்கள் என்பதில் தேவனுடைய கிருபை குறையாது, இன்னும் பெரிதாகத்தான் தெரியும்.

இன்னொன்று, அந்த நாட்களில் இயேசு சீக்கிரம் வருகிறார் என்ற எதிர்பார்ப்புதான் அந்தப் பிள்ளைகளைத் தெருவில் இறக்கியது. 1981-க்குள் சபை எடுத்துக்கொள்ளப்படும், அதாவது இயேசு வந்து விசுவாசிகளைப் பரலோகத்துக்குச் சேர்த்துக்கொள்வார் என்று சக் ஸ்மித்தே எழுதினார், அது நடக்கவில்லை. படத்தில் இந்த வேகம் தெரியவே இல்லை, வெறும் அன்பும் அமைதியும் தேடிய கூட்டமாக மட்டும் காட்டிவிட்டார்கள்.

இவ்வளவு சொன்னாலும் உங்கள் சபை வாலிபர்களைக் கூட்டி வைத்துப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். அப்புறம் லோனியைப் பற்றி டேவிட் டி சபாட்டினோ 2005-இல் எடுத்த ஆவணப்படத்தையும் போடுங்கள், அதே வாரத்திலேயே.