வேலியா, வழியா?

குமரி மாவட்டத்துப் பேச்சிப்பாறைக்கு மேலே மலையடிவாரத்தில் யானை இறங்கி ஒரே இரவில் ஐம்பது மூடு வாழை சாய்ந்தால், முதலில் நினைவுக்கு வருவது சூரிய மின்வேலிதான். அதில் குற்றமில்லை; விரைவில் போட்டுவிடலாம், நிம்மதியாகத் தூங்கலாம். ஆனால் மழைக்காலத்தில் புல் வளர்ந்து கம்பியைத் தொட்டால் மின்சாரம் மண்ணில் இறங்கிவிடும். அரிவாளும் கையுமாக யாராவது வேலியோரம் நடந்துகொண்டே இருக்க வேண்டும். கொம்பன் யானையோ தந்தத்தில் மின்சாரம் ஏறாது என்று கண்டுகொண்டு, அதைக் கொண்டே கம்பியை இழுத்துப் போட்டுவிடும். வேலி தாங்கினாலும் யானை பக்கத்துத் தோட்டத்துக்குத்தான் போகும்.

மற்ற வழி, யானைகள் காடு விட்டுக் காடு போகும் தடத்தைத் திறந்து வைப்பது. கன்னியாகுமரி சரணாலயம், களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், கேரளத்தின் நெய்யாறு சரணாலயம் எல்லாம் ஒரே மலைக்காடு. 2022-இல் அறிவிக்கப்பட்ட அகத்தியமலை யானைகள் காப்பகம் சுமார் 1,197 சதுர கிலோமீட்டர். அது தமிழ்நாட்டு எல்லையில் நின்றுவிடுகிறது, யானை நிற்பதில்லை. வடக்கே செங்கோட்டைக் கணவாயில் சாலையும் ரயில் பாதையும் குறுக்கிட்டு, பெரியாறு காட்டு யானைகளிடமிருந்து இந்த மலை யானைகளைப் பிரித்துவிட்டன. இரு மாநில வனத்துறையும் சேர்ந்தால்தான் அது சரியாகும். மெதுவான வேலை, இழப்பீட்டுக்கு அலையும் விவசாயியிடம் பொறுங்கள் என்று சொல்ல எனக்கு நா எழாது.

ஆனாலும் என் வாக்கு தடத்துக்கே. வேலி வீட்டையும் தோட்டத்தையும் சுற்றி இருக்கட்டும், மலையைச் சுற்றி வேண்டாம்.